இந்த எண் இல்லை

எங்கள் மேனேஜரோடு நான் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி, ஒரு தகவலை எங்கே வைப்பது என்பதைப் பற்றியவைதான். சொன்னால் சிரிப்பார்கள். சொத்துக்கா சண்டை, போயும் போயும் நம்பரை எந்த டப்பாவில் போடுவது என்றா ரெண்டு பேர் தொண்டை கிழியக் கத்துவீர்கள் என்று என் அம்மாவே கேட்டிருக்கிறாள். கத்தியிருக்கிறோம். டெல்லி நேரு பிளேஸில் மூன்றாவது மாடியில், இஷ்டப்பட்டால் மட்டும் ஏறும் லிஃப்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். நாங்கள் போட்ட கூச்சல் கீழே பிளாசாவில் பிரிண்டர் மை விற்பவர்களுக்கே கேட்டிருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. ஒரு தேர்வு வாரியத்தின் பள்ளி முடிவுகளை நெட்டில் வெளியிடும் வேலை எங்கள் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. முந்தின வருடம் அதைச் செய்தவர்களின் சைட், முடிவு வந்த காலையிலேயே படுத்து, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் எந்த மெஷின்தான் தாங்கும்? விழாமல் நிற்பதற்கு இரண்டு வழிகள் பேச்சில் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்தார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. எதற்கும் காத்திருக்கத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நகம் கடிப்பேன்.

ஒரு வழி, டேட்டாபேஸை ஒரே மெஷினில் வைக்காமல் பல மெஷின்களில் பிரித்தும் பிரதி எடுத்தும் வைப்பது. டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ். கூட்டம் வந்தால் ஆளுக்குக் கொஞ்சமாக வேலையை வாங்கிக்கொள்ளும். ஒன்று படுத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்றில் மாற்றியது மற்ற எல்லாவற்றுக்கும் போய்ச் சேர வேண்டும், எல்லாம் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அப்படி ஒத்துப்போக நேரம் பிடிக்கும். நடுவில் லைன் அறுந்தால் இன்னும் கஷ்டம். 'எனக்குச் சரியாகத் தெரியாது, பொறு' என்று கேட்பவனை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத் தப்பானால் ஏச்சு வாங்க வேண்டும்.

மற்ற வழிக்கு டேட்டாபேஸ் ஒன்றே போதும். அதற்கு முன்னால், மெமரியிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாட்டை வைத்துவிடுவார்கள். கேஷ் என்று பெயர். முதல் ஆள் ஒரு எண்ணைக் கேட்டால் அது டேட்டாபேஸிடம் போய்க் கேட்டு வந்து சொல்லும், சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் அதே எண்ணைக் கேட்டால் எங்கும் போகாது. வாயைத் திறக்குமுன் பதில் வந்துவிடும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒரே குறை, நினைவில் இருப்பது சரியா என்று அது திரும்பிப் பார்க்காது.

மேனேஜர் கேஷ் பக்கம். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த பஞ்சாபி, குரல் ஊருக்கே கேட்கும். "அரே மேடம், பேங்க் கணக்கா இது, நிமிஷத்துக்கு நிமிஷம் மாற? ரிசல்ட் ஒருதடவை வந்துட்டா வந்ததுதான். மாறாத ஒண்ணை நினைவுல வெச்சுக்கிறதுல என்ன ஆபத்து?" என்று இந்தியில் கத்துவார். நான், "ஒவ்வொரு பிள்ளையும் அதது எண்ணைத்தானே கேக்கும்? முதல் தடவை கேக்கும்போது எல்லாம் டேட்டாபேஸ் தலையிலதானே விடியும்?" என்று திருப்பிக் கத்துவேன். "டேட்டா ஏத்தினவுடனே எல்லா எண்ணையும் நாமே மெமரியில நிரப்பிடுவோம், ஹோ கயா, வேலை முடிஞ்சுது" என்று கையைத் தட்டி முடித்துவிடுவார்.

உண்மையைச் சொன்னால், அந்த வேலைக்கு அவர் சொன்னதுதான் பொருத்தம். ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதினேன். மாறிக்கொண்டே இருக்கும் தகவலுக்கும், தப்பானால் தலை போகும் தகவலுக்கும் பிரித்து வைக்கும் டேட்டாபேஸ். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் தகவலுக்குக் கேஷ். எரிச்சலோடு ஒரு வரியையும் சேர்த்தேன்: கேஷ் ஒரு தப்பைத் தெரிந்துகொண்டால் அந்தத் தப்பையே மகா வேகமாகச் சொல்லும். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "மதராசிகளுக்குச் சந்தேகம் ரத்தத்துல இருக்கு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருட முடிவுகளில் என் தங்கையுடையதும் ஒன்று. அதனால்தான் எனக்கு அவ்வளவு படபடப்பு.

நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசர் வரை வந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்த மே மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரும் அம்மாவும் ஊருக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. நான் வேலையில் இருந்ததால் மயூர் விஹாரில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். தங்கைதான் நடுவில் தொங்கினாள். முந்தின வருடம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில். அந்த வருடம் மறுபடி எழுதியிருந்தாள்.

அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். "பாஸானா அக்காகூட இரு, காலேஜுக்குப் போ. இல்லேன்னா எங்ககூட ஊருக்கு வந்துரணும். அங்க வச்சுப் பாத்துக்கிடுதேன்." ரயில் டிக்கெட்டையும் மூன்று பேருக்கு எடுத்துவிட்டார். பாஸானால் ஒன்றைக் கேன்சல் செய்துகொள்ளலாமாம்.

அவளுக்கு ஊர் என்பது லீவுக்குப் போய்க் கொசுக்கடி வாங்கித் திரும்பும் இடம். டெல்லியில் பிறந்தவள், பஸ் போர்டில் இருக்கும் தமிழைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளுடைய ஆசையெல்லாம் எஃப்.எம். ரேடியோவில் இந்தியில் பேச வேண்டும் என்பது. அப்போதுதான் டெல்லியில் அந்த நிலையங்கள் தெருவுக்குத் தெரு பாடத் தொடங்கியிருந்தன. அம்மா சாம்பார் தாளிக்கும்போது பக்கத்தில் நின்று, கரண்டியை வாய்க்கு நேரே பிடித்து, இன்றைய டிராஃபிக் நிலவரம் சொல்வாள். அசத்தலாகப் பேசுவாள். அந்தக் குரலைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? யாரோடு பேசுவது? எனக்கும் பயமாக இருந்தது. அவள் போய்விட்டால் டெல்லியில் எனக்கு வீடு என்று சொல்ல யாரும் இல்லை.

முடிவு வரும் நாள் காலையில் நான் கிளம்பும்போது, "அக்கா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாத. நம்பர் எனக்கு மனப்பாடம். மேல் வீட்டு கம்ப்யூட்டர்ல பாத்துக்கறேன்" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஆபீசில் காலையிலிருந்தே அமளி. வாரியத்திலிருந்து முடிவு சி.டி. வந்துவிட்டது, ஆனால் பாதி ஏறும்போது நின்றது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம். சைட் பத்து மணிக்குத்தான் ஊருக்குத் திறக்கும். அதற்கு முன் உள்ளே இருக்கும் எங்களுக்கு மட்டும் பக்கம் தெரியும். டேட்டா ஏறி முடிந்ததும் எல்லா எண்களையும் மெமரியில் நிரப்பும் புரோகிராமை ஓடவிட்டோம். அதற்கு நாங்கள் கொடுத்திருந்த கட்டளை ஒன்று: ஏற்கெனவே பதில் இருக்கும் எண்ணைத் தொடாதே. நேரம் மிச்சமாகுமே என்று நாங்களே யோசித்து வைத்தது.

பத்து மணிக்குத் திறந்தோம். கூட்டம் வந்தது, சைட் விழாமல் தாங்கி நின்றது. மேனேஜர் மேஜையில் ஏறி பாங்க்ரா ஆடாத குறை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் என் மெஷினில் தங்கையின் எண்ணைப் போட்டேன்.

'இந்த எண் இல்லை' என்று வந்தது.

மறுபடி போட்டேன். இந்த எண் இல்லை. ஃபெயிலானால் மார்க்கும் ஃபெயில் என்ற வார்த்தையும் வர வேண்டும். எண்ணே இல்லை என்றால் எங்கள் பக்கம் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதே! அவர் காலத்தில் முடிவு பேப்பரில் வரும். பாஸானவர்களின் எண் மட்டும்தான் அச்சாகும். எண் இல்லை என்றால் ஃபெயில், அவ்வளவுதான். அந்தத் தலைமுறை முழுவதும் பேப்பரில் விரலை ஓட்டி, இல்லாத எண்ணைத் தேடி அழுதவர்கள். அவர் மார்க்கெட்டில் இருக்கும் சைபர் கஃபேயில் போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். இந்த வரியைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதும் தெரியும்.

வீட்டுக்குப் போன் போட்டேன். என்கேஜ்டு. மறுபடி. என்கேஜ்டு.

சைட்டை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸிலேயே தேடினேன். இருந்தாள். பாஸ். கணக்கில் அறுபத்து மூன்று. 'அடிப்பாவி' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டேட்டாபேஸில் இருக்கிறாள், கேஷில் இல்லை. எப்படி?

மேனேஜரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "கேஷ் தப்புச் சொல்லுது. சிலருக்கு எண் இல்லைன்னு காட்டுது. முழுசா அழிச்சுட்டு மறுபடி நிரப்புங்க."

அவர் முகம் வெளுத்தது. "இப்ப அழிச்சா அத்தனை கூட்டமும் டேட்டாபேஸ் மேல விழும். அது அஞ்சு நிமிஷம் தாங்காது. லட்சம் பிள்ளைங்க அழும், மேடம்."

அவர் சொன்னது நிஜம். அதுதான் என்னை இன்னும் கடுப்பாக்கியது. "அப்ப எந்த எண்ணெல்லாம் தப்புன்னு சொல்லுங்க, ஒவ்வொண்ணா எடுக்கறேன். திறக்கறதுக்கு முன்னால யாராவது எண்ணைப் போட்டுப் பாத்தீங்களா?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பார்த்திருக்கிறார். டெல்லியில் ஒருவர் ஓரிடத்தில் வேலையில் இருக்கிறார் என்றால், அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அங்கே காரியம் ஆக வேண்டும். வரிசையில் நிற்பது வேறு யாருக்கோ. அதிகாரிகள், மாமனார் வகையறா, குடியிருப்பு சங்கத் தலைவர் என்று பலர் முந்தின நாளே தங்கள் பிள்ளைகளின் எண்ணை அவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார்கள். ஊர் பார்ப்பதற்கு முன் நம்மவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று, சி.டி. ஏறிவிட்டதாக நினைத்துக் காலையிலேயே அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். டேட்டா அப்போது இல்லை. 'இந்த எண் இல்லை' என்றே வந்திருக்கிறது. சரி, பிறகு பார்க்கலாம் என்று டீ குடிக்கப் போய்விட்டார். கேஷ் அந்தப் பதிலை அப்படியே மனதில் வைத்துக்கொண்டது. நிரப்ப வந்த புரோகிராம், ஏற்கெனவே பதில் இருக்கிறதே என்று அந்த எண்களைத் தொடாமல் தாண்டிப் போய்விட்டது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முடிவு வந்தது. சிபாரிசு இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "என் தங்கச்சி நம்பரை யார் உங்களுக்குக் குடுத்தது? நான் குடுக்கலையே" என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க பப்பாதான். நேத்து சாயங்காலம் போன் பண்ணினார். மகளுக்குத் தெரிய வேண்டாம்னார். நாலு தடவை ஸாரி சொன்னார்."

என் அப்பாவா? காஸ் கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தபோது, கூட வேலை பார்த்தவர் ஒரு எம்.பி. லெட்டர் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "நம்ம முறை வரும்போது வரட்டும்" என்று சொன்ன மனுஷன். அவரோடு அந்த விஷயத்தில் நான் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். டெல்லியில் பிழைக்கத் தெரியாத ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் எனக்குத் தெரியாமல் போன் செய்து, தெரியாத ஒருவரிடம் தட்டுத் தடுமாறும் இந்தியில் கெஞ்சியிருக்கிறார்.

மேனேஜர் செல்போனைப் பார்த்து எண்களை வாசிக்க, நான் ஒவ்வொன்றாகக் கேஷிலிருந்து எடுத்தேன். எடுத்தபின் யாராவது கேட்டால் அது டேட்டாபேஸிடம் போய்ச் சரியான பதிலை வாங்கி வரும். தங்கையுடையதை முதலில் எடுத்தேன். நடுநடுவே வீட்டுக்குப் போன் போட்டேன். என்கேஜ்டு, என்கேஜ்டு, என்கேஜ்டு. ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு மூன்று பேரும் அழுகிறார்களோ? அவள் ஏதாவது செய்துகொண்டாளோ? அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தேன். கடைசி எண் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு படி வழியாக இறங்கி ஓடினேன்.

மே மாத வெயில். ஆட்டோக்காரரிடம் "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்தேன். மூல்சந்த் பக்கம் சிக்னலில் நின்றபோது என்னாலேயே இறங்கி ஓடிவிட முடியும் என்று தோன்றியது. "மேடம், வண்டிக்குச் சிறகில்லை" என்றார் அவர். உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலில் போலீஸ், கூட்டம் என்று மனது கண்டதையும் காட்டியது.

வாசலில் யாரும் இல்லை. உள்ளே நெய் வாசனை. அம்மா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமா மைனி, பாஸாயிட்டா! அவுகதான் போய்ப் பாத்துட்டு வந்தாவ. சரி, வைக்கேன், பெரியவ வந்துட்டா." போனை வைத்துவிட்டு என் வாயில் ஒரு உருண்டை கேசரியைத் திணித்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்கேஜ்டு டோனுக்குக் காரணம் இதுதானா? ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாளா?

அப்பா கூலருக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். தங்கை தரையில் உட்கார்ந்து தட்டில் இருந்த கேசரியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். அப்பாடா, நான் அந்த எண்ணைக் கேஷிலிருந்து எடுத்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு உயிர் வந்தது.

"கணக்குல அறுபத்து மூணுடி! எங்கேருந்து வந்தது உனக்கு இவ்வளவு மூளை?" என்று அவள் தலையைக் கலைத்தேன்.

அம்மா திரும்பினாள். "அறுபத்து மூணா? ஒங்கப்பா ஐம்பத்தெட்டுன்னுல்லா சொன்னாவ?"

அப்பா தொண்டையைச் செருமினார். "கண்ணாடி போடாம பாத்தேன். அம்பத்தெட்டுன்னு தெரிஞ்சுது."

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீயுமா?"

"என்ன நீயுமா?"

"நானும் பாத்தேன்க்கா. மேல் வீட்டுல. என் நம்பரே இல்ல. மூணு தடவை போட்டேன்." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்களும் அதைத்தானே பாத்தீங்கப்பா? நான் ஃபெயில்னு சொல்லத்தான் கீழ வந்தேன். அதுக்குள்ள நீங்க வாசல்ல நின்னு பாஸ்னு சொல்லிட்டீங்க. உங்க முகத்தைப் பாத்தேன். அச்சா, இப்படியே இருக்கட்டும்னு நானும் சிரிச்சிட்டேன்."

அம்மா மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தாள். "ஏங்க, அப்ப இவ பாஸில்லையா? டெல்லியிலயே இரின்னு சொன்னீங்களே இவகிட்ட! ஊருக்கெல்லாம் போன் பண்ணிட்டேனே!"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னட்டி செய்யச் சொல்லுத? ரெண்டாவது தடவையும் இவகிட்டப் போய் ஃபெயிலுன்னு எந்த வாயால சொல்ல? இங்க இருந்தாலாவது இன்னொரு தடவை எழுதுவா. அங்க வந்து பாக்குதவன் எல்லாம் மார்க்கு கேப்பான்."

"அவ பாஸ்!" என்று நான் கத்தினேன். "நிஜமா பாஸ்! கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லியிருக்கு. நான் டேட்டாபேஸ்ல என் கண்ணால பாத்துட்டு வரேன்!"

ஒருவரும் நம்பவில்லை. நானும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டேன் என்றே நினைத்தார்கள். அம்மாகூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆபீசில் அத்தனை வாதம் செய்தவள், பெற்ற தாய் தகப்பனிடம் ஒரு நிஜத்தை நம்பவைக்க முடியாமல் நடுவீட்டில் நின்று காலை உதைத்தேன். கேஷ் என்றால் என்ன, டேட்டாபேஸ் என்றால் என்ன, முதலில் கேட்ட பதிலை அது எப்படிப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அப்பா கவனமாகக் கேட்டார். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவர் அல்லவா, சரியான இடத்தில் கையை வைத்தார். "அப்ப ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வந்திருக்கு. இவளுக்கு மட்டும் ஏன் வரல?"

நீங்கள் போன் செய்ததால் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்த்தேன். எனக்கு எதையும் அடக்கி வைத்துப் பழக்கமில்லை, ஆனால் அன்றைக்கு அடக்கினேன். "மெஷின் கோளாறுப்பா" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மூன்று பேரையும் அந்த வெயிலில் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மா கரண்டியை வைக்க மறந்து கையோடு கொண்டுவந்திருந்தாள். சைபர் கஃபேயில் இடம் இல்லை. ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து எண்ணைப் போட்டேன். பேர் வந்தது, அப்பா பேர் வந்தது, பாடம் பாடமாக மார்க் வந்தது, கீழே பாஸ் என்று வந்தது. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். கடைக்காரரிடம் பிரிண்ட் கேட்டார். அம்மா கரண்டியோடு அழுதாள். நான் ஆடாத ஆட்டம் ஆடினேன். தங்கை மட்டும் தனியாகப் பின்னால் நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், இவளுக்கு ஒரு புதுத் துணி எடுத்துக் கொடுக்கலாம் என்று அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள். அது கனத்தது. திறந்தால் உள்ளே தங்கையின் சல்வார் கமீஸ்கள், ஸ்வெட்டர், சின்ன ரேடியோ, எல்லாம் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன.

"ஏட்டி, இத எப்பம் அடுக்குன?"

"காலையிலதான். அப்பா பாஸ்னு சொன்னதுக்கு அப்புறம்."

"கிறுக்கியா நீ? பாஸுன்னா இங்கயில்லா இருக்கணும்?"

தங்கை அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஃபெயிலான என்னை இங்க விட்டுட்டு, ஊர்ல போய் எல்லார்கிட்டயும் பாஸ் பாஸ்னு சொல்லிட்டே இருக்கணும்க்கா அவரு. அவரால அது முடியாது. ஒரு நாள்கூட முடியாது. அதான் நானும் கூடப் போயிடலாம்னு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா எழுந்து வந்து சூட்கேஸுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அதுவரை எங்கள் துணிமணி எதையும் அவர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. மேலே இருந்த ரேடியோவை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். பிறகு அவளுடைய துணிகளை மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அலமாரியில் அவளுடைய தட்டிலேயே திருப்பி அடுக்கினார்.